படத்துக்கு வந்த வெளிமான்

குழந்தைகளுக்குப் புத்தகம் எழுதுகிறவன் என்றால் சிரித்த முகமாக இருப்பான் என்று ஊரில் ஒரு நினைப்பு. என்னைப் பார்த்ததும் அது போய்விடும். திருத்தங்கலில் பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் கத்திவிட்டு, சாயங்காலம் சிவகாசிக்கு பஸ் ஏறி, அச்சகத்தில் மை வாடையில் உட்கார்ந்து புரூஃப் திருத்திவிட்டு, வீடு திரும்பி இரண்டு வாய் தின்றுவிட்டுப் படுத்தால் போதும் என்று கிடந்த காலம் அது. சிரிக்கத் தெம்பு வேண்டுமே. "சிங்கம் புலின்னு எளுதி எளுதி மூஞ்சியும் அப்பிடியே ஆயிருச்சு" என்பாள் என் மனைவி. அவள் சொன்னதில் தப்பு இல்லை.

நான் எழுத வந்ததே ஓர் எரிச்சலில்தான். ஐம்பதுகளின் கடைசி. மதுரையில் எடைக்கு வாங்கிய பழைய ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில், சிவிங்கிப்புலி இந்தியாவில் அற்றுப்போய்விட்டது என்று ஒரு மூலையில் போட்டிருந்தது. மறுநாள் வகுப்பில் அதைச் சொன்னேன். எந்த ஊருக்குப் போனால் அதைப் பார்க்கலாம் என்று பிள்ளைகள் கேட்டார்கள். நம் நாட்டுக் காட்டில் இனிமேல் எங்கே போனாலும் பார்க்க முடியாது என்றேன். அவர்களுக்கு அது புரியவில்லை. ஒரு மிருகம் மொத்தமாக இல்லாமல் போகும் என்பது எனக்கே அன்றைக்குத்தான் சரியாகப் புரிந்தது. யார் மேல் என்று தெரியாமல் ஒரு கோபம் வந்தது. பாடப் புத்தகத்தில் அந்தப் புலி அப்போதும் வேகமாக ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மிச்சம் இருக்கிற மிருகங்களைப் பற்றியாவது பிள்ளைகள் காதில் போட்டு வைப்போம், வளர்ந்த பிறகு கல்லை எடுக்குமுன் கொஞ்சம் யோசிப்பார்கள் என்று நினைத்தேன். நப்பாசைதான். அதில்தான் உட்கார்ந்து எழுதினேன்.

அச்சக முதலாளிக்கு என் நப்பாசையெல்லாம் தெரியாது. அவருடையது சின்ன அச்சகம். தீப்பெட்டிக்கும் வெடிக்கட்டுக்கும் லேபிள் அடிப்பார்கள். தீபாவளி சீசன் முடிந்ததும் பெரிய கம்பெனிகளுக்குக் காலண்டர் ஆர்டர் வந்துவிடும். இவருக்கு வராது. மழை மாதங்களில் மெஷின் மேல் சாக்கைப் போட்டு மூடிவிட்டு, வாசலில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் கண்ணில் பட்டேன்.

"வாத்தியாரே, மெசினு சும்மா கெடந்தா துருப்புடிச்சிரும். நம்ம ஆர்ட்டிஸ்ட்டு மிருகம் நல்லாப் போடுவாரு. புள்ளைகளுக்கு ஒரு புத்தகம் எளுதிக் குடுங்க. வித்தா வித்தது. விக்காட்டி வெடிக்குளாய் சுத்தக் குடுத்துருவோம், தாளு வீணாப் போகாது" என்றார். எழுத்தாளனுக்கு இதைவிட நல்ல வரவேற்பு யார் கொடுப்பார்கள்?

அடுத்த மழைக்குள் எழுதிக்கொண்டு போய் வைத்தேன். தலைப்பைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. "அழிந்துவரும்னு போட்டிருக்கீகளே. மொதப் புத்தகம். பூசை போட்டு மெசின்ல ஏத்துறது. எடுத்த எடுப்புலயே அளிவுன்னா வெளங்குமா?" என்றார்.

"அழிஞ்சுதானே போகுது, முதலாளி?"

"போகட்டும். என் அட்டையில போக வேண்டாம்."

கடைசியில் 'அபூர்வ' என்ற சொல்லில் இருவரும் சமாதானமானோம். உள்ளே நான் என்ன எழுதினேன் என்று அவர் படிக்கவில்லை. அது எனக்கு வசதியாகவே இருந்தது.

அடுத்த வம்பு படத்தில் வந்தது. ஓவியர் நல்ல மனிதர். காதில் பென்சிலோடு, வாயில் வெற்றிலையோடு, பல வருஷமாக லேபிளுக்கு மட்டுமே வரைந்து பழகியவர். அவர் போடும் புலியும் சிங்கமும் கன்னம் உப்பி, கடைக்கு வந்த ஆளை நேருக்கு நேர் பார்க்கும். வெடிக்கட்டுக்கு அப்படித்தான் வேண்டும். பத்திரிகையிலிருந்து காண்டாமிருகத்தின் படத்தை எடுத்துக் கொடுத்தேன். அதைப் பார்த்து ஒருமாதிரி சரியாகவே போட்டுவிட்டார். சிங்கமும் தேறியது. வெளிமானில் வந்து மாட்டிக்கொண்டோம். அதற்கு என்னிடம் இருந்தது தபால் தலை அளவில் மங்கலாக ஒரு போட்டோ. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவர் லேபிளில் போடும் மானையே போட்டுக் கொண்டுவந்தார். உடம்பெல்லாம் புள்ளி, தலையில் கிளை கிளையாகக் கொம்பு, முகத்தில் சிரிப்பு.

"இது புள்ளிமான். நான் எழுதினது வெளிமான். அதுக்குக் கொம்பு கிளைக்காது, முறுக்கிக்கிட்டு நேரா மேல போகும். முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை. கண்ணைச் சுத்தி வெள்ளையா வளையம் இருக்கும்" என்றேன்.

"நீங்க முறுக்குன்னு ஒரு வார்த்தையில எளுதிட்டுப் போயிருவீக சார். எனக்கு எத்தன முறுக்கு, எங்கன ஆரம்பிக்குதுன்னு தெரியணும்லா? பாத்தாத்தான் போட முடியும்."

அவர் கேட்டது நியாயம். ஆனால் நானும் விடுவதாக இல்லை. அந்தப் புத்தகத்தில் எங்கள் பக்கத்துப் பிள்ளை நடந்து போய்ப் பார்க்கக்கூடிய மிருகம் அது ஒன்றுதான். சிங்கம் எங்கேயோ குஜராத்தில் இருக்கிறது. காண்டாமிருகம் அஸ்ஸாமில். அவற்றை இங்கே ஏழாயிரம்பண்ணை ஊர்ப் பிள்ளை காப்பாற்றவும் போவதில்லை, கொல்லவும் போவதில்லை. வெளிமான் அப்படியா? அவன் வீட்டுப் பருத்திக் காட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. உன் ஊரில் நிற்பது இதுதான், பார்த்துவிட்டு விட்டுவிடு என்று சொல்லத்தான் நான் அத்தனை பக்கம் எழுதினேன். மற்ற மிருகங்களெல்லாம் கூட்டம் சேர்க்க வந்தவை. படம் தப்பாக இருந்தால், நிஜ மானைக் கண்டாலும் இதுதான் அது என்று பிள்ளைக்குத் தெரியாதே.

அவை நிற்கிற இடம் எனக்குத் தெரியும். விருதுநகரில் என் அத்தாவுக்கு, அதாவது தகப்பனாருக்கு, மிளகாய் வத்தல் கமிஷன் கடை. ஏழாயிரம்பண்ணைக்கு அங்கிட்டு நிலபுலன் உள்ள ஒரு பெரிய சம்சாரி அத்தாவின் கடையைத் தவிர வேறு கடையில் வத்தல் மூட்டையை இறக்கியதில்லை. அத்தாவும் அவரும் மாமன் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். எனக்கு அவர் மாமா, அவருக்கு நான் மாப்பிள்ளை. அவர் வீட்டு நல்லது பொல்லாது எதுவும் எங்கள் வீட்டைத் தாண்டி நடக்காது. விசேஷம் என்றால் ஓர் ஆட்டுக் கிடாவை உயிரோடு கொண்டுவந்து கடை வாசலில் கட்டுவார். எங்கள் ஆள் பிஸ்மி சொல்லி அறுத்தால்தான் நாங்கள் சாப்பிடுவோம் என்பதால், அத்தா கையால் அறுத்து, இரண்டு வீட்டுக்கும் பங்கு போட்டு, ஒரே பந்தியில் சாப்பிடுவது வழக்கம். அதில் ஒரு வருஷமும் அவர் தவறியதில்லை.

அவருடைய தரிசில்தான் அந்த மான்கள் நின்றன. வில்வண்டியில் என்னை அழைத்துப் போய்க் காட்டியவரும் அவரே. தூரத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, கையை நீட்டினார். வெளிர் நிறத்தில் மூன்று பெட்டைகள். அவற்றுக்குக் கொஞ்சம் தள்ளி, கறுத்த முதுகோடு, முறுக்குக் கொம்பைத் தூக்கிக்கொண்டு ஒரு கிடா. முந்திக் கூட்டம் கூட்டமாக நின்றவையாம். இப்போது மிச்சம் இவைதானாம்.

"நம்ம எடத்துல எவனும் கை வைக்கக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன் மாப்ளே. பொங்கலுக்கு மறுநா வேட்டைக்குப் போற பயலுககூட நம்ம தரிசு பக்கம் வர மாட்டானுக" என்றார். சொந்த மாட்டைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னார். எனக்கு அவர் மேல் அன்றைக்கு வந்த மரியாதை கொஞ்சநஞ்சம் இல்லை. அவரை மனத்தில் வைத்துத்தான் அந்த அத்தியாயத்தில், நல்ல மனிதர்கள் சிலர் இவற்றை இன்றும் காத்து வருகிறார்கள் என்று ஒரு வரி எழுதினேன்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விலை ஏறட்டும் என்று இருப்பு வைத்திருந்த வத்தலைக் கொண்டு அவர் கடைக்கு வந்திருந்தார். நானும் அத்தாவைப் பார்க்கப் போயிருந்தேன். புத்தகம் எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்டார். கேட்க ஓர் ஆள் கிடைத்ததும் ஓவியரின் கதையைக் கொட்டினேன். புள்ளிமானைப் போட்டது, அது சிரித்தது, எத்தனை முறுக்கு என்று என்னை மடக்கியது எல்லாம் சொன்னேன். "பாத்தாத்தான் போடுவாராம் மாமா. அவருக்காக மானைக் கூட்டிட்டா வர முடியும்?" என்றேன். அத்தா சிரித்தார். மாமாவும் சிரித்தார். டீயைக் குடித்துவிட்டு அவரவர் வேலைக்குப் போனோம். பேசியது இவ்வளவுதான்.

அதற்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. விட்டு விட்டு ஒரு வாரத்துக்கு மேல் பெய்தது. மழை வெறித்த ஒரு காலை, பள்ளிக்கூடம் விடுமுறை, நான் துணி உலர்த்தக் கொடி கட்டிக்கொண்டிருந்தேன். அச்சகத்து ஆள் சைக்கிளில் மூச்சு வாங்க வந்து நின்றான். "மொதலாளி ஒடனே வரச் சொன்னாக. ஏளாயிரம்பண்ணை மாமா வந்துருக்காக" என்றான். என்ன விஷயம் என்றால் சிரிக்கிறானே தவிர சொல்லவில்லை.

அச்சகத்தின் பின்கட்டுக் கொல்லையில் ஒரே கூட்டம். லேபிள் பிரிக்கிற பெண்கள், மெஷின்காரர், பக்கத்து டீக்கடைக்காரர் என்று அத்தனை பேரும் நின்றார்கள். என்னைக் கண்டதும் வழி விட்டார்கள். தரையில் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் நனைத்த சாக்கு விரித்து, கால் நான்கும் பருத்திக் கயிற்றால் கட்டி, கிடா கிடந்தது. அதே கிடா. கறுத்த முதுகு, வெள்ளை வயிறு. குளம்பெல்லாம் கரிசல் சேறு கட்டி கட்டியாக அப்பிக் காய்ந்திருந்தது. விலா ஏறி ஏறி இறங்கியது. தலைமாட்டில் மாமா, புது வேட்டியில், மாப்பிள்ளை வீட்டுக்காரர் மாதிரி நின்றார்.

"ஒரு அடி அடிக்கல மாப்ளே. ஒரு கீறல் கெடையாது, வேணும்னாப் பாத்துக்கிடுங்க" என்றார். மழையில் கரிசல் இளகியிருந்தால் மானுக்கு ஓட்டம் போய்விடும், சேறு குளம்பில் அப்பிக் காலைத் தூக்க விடாது. அதற்காகவே மழைக்குக் காத்திருந்து, ஆட்களை வளைத்து நிறுத்தி, வலை போட்டுப் பிடித்தாராம். வெடிக் கம்பெனிக்கு லோடு ஏற்ற வந்த லாரியில் விடியக் கருக்கலில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாராம்.

நான் கிடாவின் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்தேன்.

"சுட்டுக் கொண்டாந்துருந்தா வேலை லேசு. ஆனா செத்தத நீங்க தொட மாட்டீகள்ல. அதான் உசுரோட கொண்டாந்தேன். அவரு படத்தப் போட்டு முடிக்கட்டும். பெறகு உங்க கையாலயே அறுங்க. ஒரு தொடைய அத்தாவுக்குக் குடுத்து விட்டுருவோம்" என்றார் மாமா.

ஓவியர் மைடப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார். வாயில் வெற்றிலை இல்லை. நான் வந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. பென்சிலை நீட்டிக் கொம்பின் முறுக்கை அளந்து அளந்து தாளில் இறக்கிக்கொண்டிருந்தார். அவர் அப்படி வேலை செய்து நான் பார்த்ததில்லை.

"மாமா, அங்கன நின்னது ஒரே ஒரு கிடாதானே?" என்றேன்.

"ஆமா. பெட்டைக்குக் கொம்பு இருக்காதுல்லா. படத்துக்குக் கொம்புதானே வேணும்னீக?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. கத்த வேண்டும் போலவும் இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? அந்த மனிதர் தன் தரிசில் மற்றவன் கால் படாமல் இத்தனை வருஷம் வைத்திருந்த பொருளில் உசத்தியானதைத் தேடி எனக்காகக் கொண்டுவந்திருக்கிறார். என் வீட்டு வழக்கத்தையும் நினைத்துப் பார்த்து, மெனக்கெட்டு, உயிரோடு கொண்டுவந்திருக்கிறார். கூடப் பிறந்தவன் செய்ய மாட்டான்.

அவரைத் தனியாக மெஷின் அறைக்குள் கூட்டிப்போனேன். "மாமா, தப்பா நினைக்காதீங்க. இதை விட்டுருவோம்" என்றேன்.

"விடுறதுன்னா?"

"திரும்பக் கொண்டுபோய் அந்தத் தரிசுலயே விட்டுருவோம். இது போயிட்டா அந்தப் பெட்டைகளுக்கு வேற கிடா இல்லை. குட்டி போடாது. வம்சமே அத்தோட நின்னு போகும்."

"ஒண்ணு போனா இன்னொண்ணு வரும் மாப்ளே."

"எங்கேருந்து மாமா வரும்?"

"எங்கேருந்துன்னா… வரும். எப்பவும் வந்துருக்கே" என்றார். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. பிறகு, "குடுத்தத வேண்டாங்குறீகளா?" என்று கேட்டார். கோபத்தில் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவர் முகம் வாடிப்போய்க் கேட்டார்.

முதலாளி வந்து நடுவில் நின்றார். வாத்தியார் படிச்சவுக, அவுகளுக்கு ஒரு கொள்கை இருக்கும் என்று மாமாவிடம் சொன்னார். பெரிய மனுசன் இம்புட்டுத் தூரம் கொண்டாந்துருக்காக, மூஞ்சியில அடிச்ச மாதிரிப் பேசாதீக என்று என்னிடம் சொன்னார். நான் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "வேண்டாம்னு சொல்லலை மாமா. வாங்கிக்கிட்டேன். எனக்குக் கொடுத்ததுதானே? என் பொருளை உங்க தரிசுல நிறுத்துறேன், நீங்க பாத்துக்கோங்க" என்றேன்.

அது அவருக்குப் பிடித்துப்போயிற்று. முகம் தெளிந்தது. "சரி, உங்க பொருளு. லாரி சாயங்காலம் திரும்புது. அதுலயே ஏத்திட்டுப் போயி எறக்கி விட்டுருதேன்" என்றார். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. எழுதியதில் ஒரு வரியாவது இந்த உலகத்தில் பலித்துவிட்டது என்று நினைத்தேன்.

சாயங்காலம் வரை கட்டிலேயே கிடக்க வேண்டாம், கயிற்றை அவிழ்த்துக் கொல்லையிலேயே நிற்க விடுவோம் என்று கதவைச் சாத்திவிட்டு, மெஷின்காரரும் நானும் அவிழ்த்தோம். கிடா முன்னங்காலை ஊன்றியது. முன்பாதி எழுந்தது, பின்பாதி வரவில்லை. இழுத்துக்கொண்டே கொஞ்சம் நகர்ந்து, சுவரில் கொம்பு இடிக்கச் சாய்ந்தது. இன்னொரு தடவை முயன்றது. பிறகு முயலவில்லை. தண்ணீரை வாயில் விட்டோம். கடைவாய் வழியே இறங்கிப்போனது. ஓட்டத்திலும் பயத்திலும் லாரிக் குலுக்கலிலும் உள்ளே என்னவோ அற்றுப்போய்விட்டது. மேலே ஒரு கீறல் இல்லை, அவர் சொன்னது நிஜம்.

மாமா புது வேட்டியோடு சேற்றில் உட்கார்ந்துவிட்டார். தோளில் கிடந்த துண்டால் அதன் பின்னங்காலைச் சூடு பறக்கத் தேய்த்தார். "எந்திரிலே. ஏலே, எந்திரிச்சு நில்லுலே. வீட்டுக்குப் போவோம்" என்றார். லேபிள் பிரிக்கிற பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வெகுநேரம் தேய்த்தார். பிறகு கையை எடுத்தார். ஆயுசுக்கும் மாடு கன்றோடு கிடந்தவர், அவருக்குத் தெரிந்துவிட்டது.

"மாப்ளே, இது தாங்காது. உசுரு கெடக்கும்போதே முடிச்சுருங்க. செத்துப்போச்சுன்னா யாருக்கும் ஆகாது, அதுவும் கெடந்து சீரளியும்" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அங்கே இருந்ததில் பாய் நான் ஒருவன்தான். வேறு யாரையாவது கூட்டி வரலாம் என்றால் அதற்குள் போய்விடும். பைண்டிங் பகுதியிலிருந்து தாள் வெட்டுகிற கத்தியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். முதலாளி வாளியில் தண்ணீர் வைத்தார். மேற்கே முகம் திருப்பிக் கிடத்தினோம். மாமா தலையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், ஒரு நிமிசம். கண்ணு மட்டும் பாக்கி இருக்கு" என்றார் ஓவியர்.

கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றேன். அவர் கிட்டே வந்து, குனிந்து, அந்த வெள்ளை வளையத்தையும் கண்ணையும் பார்த்துப் பார்த்துப் போட்டு முடித்தார். "ஆச்சு சார்" என்றார். பிஸ்மி சொல்லி அறுத்தேன். பக்ரீத்துக்கு அத்தாவோடு நின்று பழகிய கை, அது தன் வேலையைச் சுத்தமாகச் செய்தது.

பங்கு போட்டார்கள். அச்சகத்தில் வேலை பார்த்த ஒருவரையும் மாமா விடவில்லை. அத்தாவுக்குத் தொடை போயிற்று. என் பங்கை வாழை இலையில் கட்டிக்கொண்டு வந்து மனைவியிடம் கொடுத்தேன். என்ன கறி என்றாள். சொன்னேன். என் முகத்தைப் பார்த்தாள், மிளகை வறுத்தாள். சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது. இந்த வயதில் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? சாப்பிடாமல் விட்டிருந்தால் மாமாவிடம் அதையும் விளக்க வேண்டியிருக்கும், அதற்கு என்னிடம் தெம்பு இல்லை.

தை மாதம் புத்தகம் வந்தது. அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் அதைவிட்டு அடுத்த பக்கம் போகவில்லை. கிடா தலையைத் தூக்கி, நான்கு காலில், தரிசில் நின்றது. ஒவ்வொரு முறுக்கும் அதன் இடத்தில் இருந்தது. கண் மட்டும் எங்கேயோ பார்த்தது, லேபிள் மிருகங்களைப் போல வாங்க வந்தவரைப் பார்க்கவில்லை. உயிரோடு நிற்கிற மாதிரியே இருக்கிறது என்று எங்கள் தலைமையாசிரியர் என் முதுகில் தட்டினார். பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிலேட்டில் வரைந்தார்கள். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. வெடிக்குழாய் சுற்ற ஒரு தாளும் போகவில்லை. மாமா ஒரு கட்டு வாங்கிப்போய்த் தன் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்தார். நல்ல மனிதர்கள் சிலர் காத்து வருகிறார்கள் என்ற வரியும் அதில் அப்படியேதான் இருந்தது. அதை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. அது அவரைப் பற்றி எழுதியது, அவர் அப்படிப்பட்டவர்தான்.

அடுத்த வத்தல் சீசனில் மாமா கடைக்கு வந்தார். வழக்கமாக வந்ததும் வராததுமாகப் பேசுகிறவர், மூட்டையை இறக்கிவிட்டு மடக்கு நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

"பெட்டைக மூணும் எங்கிட்டோ போயிருச்சுக மாப்ளே. மாசி மாசம் வரைக்கும் நின்னுச்சுக. கிடா இல்லாம எப்பிடி நிக்கும், பாவம்" என்றார். துண்டை மடியில் போட்டுக்கொண்டு, "நீங்க அன்னைக்கே சொன்னீக" என்றார்.

நான் சொன்னதும் அவர் கேட்டதும் அவிழ்த்து விட்டதும் எல்லாம் சரியாகத்தான் நடந்தது, நேரம்தான் பிந்திவிட்டது என்று அவருக்கு ஆறுதல் சொன்னேன். எனக்கு ஆறுதல் சொல்ல அங்கே யாரும் இல்லை. அத்தா டீ வரவழைத்தார். டீயைக் குடித்ததும் மாமாவுக்குப் பழைய தெளிவு வந்துவிட்டது. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மொதலாளி அடுத்த புத்தகம் போடப்போறாராமே. இந்தத் தடவை என்ன மிருகம் எளுதுறீக? முந்தியே சொல்லிருங்க மாப்ளே, நான் பாத்து ஏற்பாடு பண்ணிருதேன்" என்றார்.

என் பையில் அப்போது கானமயிலைப் பற்றி எழுதிய பக்கங்கள் இருந்தன. அவருடைய ஊருக்கும் சாத்தூருக்கும் நடுவில், புல்வெளியில், நெருப்புக்கோழி மாதிரி நெட்டையான அந்த அபூர்வப் பறவை ஜோடியாக நின்றதை நானே பார்த்திருந்தேன். அதை வைத்துத்தான் புத்தகமே ஆரம்பித்தது. பையைக் காலுக்கு இந்தப் பக்கம் தள்ளி வைத்துக்கொண்டேன்.

"திமிங்கலம், மாமா" என்றேன்.

"அது நம்ம பக்கம் கெடைக்காதே" என்றார், நிஜமான வருத்தத்தோடு.

கானமயில் பக்கங்களை அன்றைக்கே கிழித்துப் போட்டேன். அதற்குப் பிறகு அந்த அச்சகத்துக்கு நான் எழுதிய புத்தகங்கள் ஓர் அலமாரிக்கு வரும். திமிங்கலம், பனிக்கரடி, பென்குவின், கங்காரு. கரிசலில் கால் வைத்த ஒரு மிருகத்தைப் பற்றியும் ஒரு வரி எழுதவில்லை. இங்கே எது எங்கே மிச்சம் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் என்னோடு வைத்துக்கொண்டேன். எழுதாமல் விட்டதால் அவை பிழைத்தனவா என்றால் அதுவும் இல்லை. கானமயில் நின்ற இடத்தில் இப்போது வேலி அடைத்து வெடிமருந்துக் கொட்டகை நிற்கிறது. அங்கே என்ன நின்றது என்று அந்த ஊர்ப் பிள்ளை ஒன்றுக்கும் தெரியாது. கங்காருவுக்கு வயிற்றில் பை இருப்பது தெரியும், அதை நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.